பல் செட் பொருத்திய பிறகு

வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கு முழுப் பல் செட் செய்து பொருத்துவது பல ஆண்டுகளாக என் பணி. அளவெடுப்பது, மெழுகில் பற்களை அடுக்கிப் பார்ப்பது, அதை அக்ரிலிக் என்னும் கடினப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது ஆகிய எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். செட்டைக் கையில் வாங்கும் நாளில்தான் நோயாளியின் வேலை தொடங்குகிறது. இதை யாரும் சொல்லாததால், நல்ல செட்டைக்கூட ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்ட முதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

“மேலே சரியா இருக்கு டாக்டர், கீழேதான் ஆடுது” என்பது நான் அடிக்கடி கேட்கும் குறை. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, உமிழ்நீரின் மெல்லிய படலம் தரும் பிடிப்பில் நின்றுவிடுகிறது. கீழ்ச் செட்டோ லாட வடிவில், மேல் செட்டுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிப் பரப்பில், ஓயாமல் அசையும் நாக்கைச் சுற்றி அமர வேண்டியிருக்கிறது. ஆகவே நாக்கும் கன்னத் தசைகளும் அதைப் பிடித்துக்கொள்ளக் கற்க வேண்டும். நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் பின்புறத்தைத் தொட்டபடி இளைப்பாறட்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் சில நாட்களில் உமிழ்நீர் பெருகுவதும், வாய் நிறைந்திருப்பது போலத் தோன்றுவதும் இயல்பு. அவை தாமாகவே அடங்கும்.

பேச்சைப் பொறுத்தவரை மெழுகு நிலையிலேயே கவனம் வேண்டும். சிவன் கோயிலில் பதிகம் பாடும் ஓதுவார் ஒருவர் வந்திருந்தபோது, மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்து, “ஒரு பதிகம் பாடுங்கள் ஐயா” என்று கேட்டுக்கொண்டேன். வகரம் வந்த இடங்களில் மேல் முன்பற்களின் விளிம்பு கீழுதட்டை எட்டவில்லை. சகரத்தில் காற்று சீறியது. மெழுகில் பற்களை நகர்த்திச் சரிசெய்ய முடிந்தது. அக்ரிலிக்காக இறுகிய பின் சற்றே ராவலாமே தவிர, பற்களை இடம் மாற்ற இயலாது. டகரமும் ளகரமும் ழகரமும் வேறு வகை. அவற்றுக்கு நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை நாட வேண்டும். அங்கே இப்போது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதற்கு நாக்கைப் பழக்குவதுதான் வழி. அவர் வீட்டில் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், வாய்விட்டு, தெரிந்த பதிகங்களையே திரும்பத் திரும்பப் பாடிப் பழகினார். மற்றவர்களிடம் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்வேன்.

சாப்பாட்டில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது கடினமானது. ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். முழுச் செட்டின் கடிக்கும் விசை இயற்கைப் பற்களின் விசையில் சுமார் கால் பங்குதான். குழைந்த பருப்புச் சாதத்திலும் இட்லியிலும் தொடங்கி, தோசையைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கக் கடைவாயிலும் ஒரே சமயத்தில் உணவை வைத்து மெல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றாலும், முன்பற்களால் கடித்து இழுத்தாலும் செட் மறுபுறம் எழும்பிவிடும். முறுக்கையும் சீடையையும் கரும்பையும் விட்டுவிடுவது நல்லது. காப்பி குடிப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்வேன்: அண்ணம் மூடியிருப்பதால் சூடு முன்போல உடனே தெரியாது, எனவே சிறிதளவு பருகிப் பார்த்துவிட்டுக் குடிக்க வேண்டும். உணவில் ருசி குறைந்ததாகத் தோன்றுவதற்கும் இந்த மறைப்பு ஒரு காரணம். மெல்லும் பழக்கம் படிய பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும் என்பதைக் குடும்பத்தாரிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பொறுமையிழப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஈறில் புண் வந்தால் செட்டை வீட்டில் பிளேடால் சுரண்டக் கூடாது. மருத்துவரிடம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பாக அதை அணிந்திருந்தால், அழுத்தும் இடம் சிவந்து தெரியும். அந்த இடத்தை மட்டும் ராவிவிடலாம். இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரண நீரில் போட்டுவைக்க வேண்டும்; சுடுநீரில் அது வளைந்துவிடும். நன்றாகப் பழகிய பிறகும் தாடை எலும்பு, முக்கியமாகக் கீழ்த் தாடை எலும்பு, ஆண்டுதோறும் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறேன். தளர்வு சிறிதாக இருக்கும்போதே வந்துவிட்டால் பெரும்பாலும் உட்பக்கத்தை மட்டும் நிரப்பினால் போதும். பழகிய பற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.