ஏசியில் கேஸ் தானாகத் தீராது

மும்பையில் மார்ச் பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தவரும் வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கதம் ஹோ கயா" (கேஸ் தீர்ந்துவிட்டது) என்பார். செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் நம் வீடுகளில் ஏசிக்குச் செலவாகும் பணத்தில் அதிகம் வீணாவது இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் என்பது என் கணிப்பு.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்தும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்பினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். இரண்டு மாதத்தில் மறுபடி அதே ஆள் வருவார், அதே மூவாயிரம் ரூபாய் கேட்பார்.

கேஸ் உண்மையிலேயே குறைவா என்று நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். முதலில் ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு, இன்டோருக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைக் குறை சொல்ல வேண்டாம். பிறகு இன்டோரின் முன்மூடியைத் திறந்து காயிலை, அதாவது கேஸ் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளைப் பாருங்கள். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி படிந்திருந்தால் காற்று சரியாகப் போகவில்லை: ஃபில்டரிலோ புளோயரிலோ அழுக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் பனி கட்டி, மற்ற இடம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம்.

ஒழுகும் இடங்களில் முதலாவது, குழாய் நுனியைப் புனல் போல விரித்து (அதுதான் ஃப்ளேர்) பித்தளை நட்டால் இறுக்கிய இணைப்பு. அவுட்டோரில் இரண்டு, இன்டோருக்குப் பின்னால் இரண்டு. கேஸோடு சேர்ந்து கொஞ்சம் கம்ப்ரஸர் எண்ணெயும் கசியும் என்பதால், நட்டைச் சுற்றி எண்ணெய் பிசுபிசுப்பும் அதன்மேல் கறுப்பாகத் தூசியும் ஒட்டியிருக்கும். அங்கே சோப்பு நுரை வைத்தால் நிதானமாக ஒரு குமிழி ஊதிப் பெருகும். அதுதான் ஓட்டை. குழாய் நுனியை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் அடித்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது காயில் அரிப்பு. மும்பைக்காரர்களை அதிகம் படுத்துவது இதுதான். கடற்காற்றின் உப்பு அவுட்டோர் காயிலின் அலுமினிய இதழ்களைப் பொடியாக உதிரவைக்கும். நாலாவுக்கும் (திறந்த சாக்கடைக் கால்வாய்) கழிமுகத்துக்கும் பக்கத்து வீடுகளில் சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். தாராவி, சயான் பக்கம் வெள்ளிப் பாத்திரமும் குத்துவிளக்கும் வேகமாகக் கறுக்கிற வீடு என்றால், ஏசி காயிலுக்கும் அதே கதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிளைவுட், பசை, வார்னிஷ் வேலை நடந்த அறையில் அவற்றின் ஆவி கிளப்பும் அமிலம், எறும்புப் புற்று போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். ஒரு துளையை வெல்டிங் வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். ஒருமுறை அடைத்துப் பார்க்கலாம், இரண்டாம் முறை காயிலையே மாற்றுவதுதான் சரி. 1.5 டன் ஏசிக்கு 6,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகும். வாங்கும்போதே பாதுகாப்புப் பூச்சுள்ள காயிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேஸ் வேலை நடக்க வேண்டிய முறை. மீதமிருக்கும் கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜனை 300 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் ஏற்றிக் குறைந்தது அரைமணி நேரம் கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்ற யாரையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும், உயிரே போகும். நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிறம், ஆக்சிஜன் கறுப்பு. ஓட்டையை அடைத்த பிறகு வேக்யூம் பம்பை 20, 30 நிமிடம் ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் பலர் பம்பே கொண்டுவருவதில்லை, கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு கலந்து அமிலமாகி, அடுத்த ஓரிரு கோடையில் கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச்சுற்றைத் தின்றுவிடும். அதுவும் ஆர்32 என்ற வகை தீப்பற்றக்கூடிய கேஸ், மூடிய அறைக்குள் திறந்துவிடவே கூடாது.

கடைசியில் கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். அவுட்டோர் ஸ்டிக்கரில் அளவு அச்சிட்டிருக்கும். வீட்டு ஏசிக்கு ஆர்32 பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். இன்வெர்ட்டர் வகை ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷர் பார்த்து அளவு சொல்ல முடியாது, தராசு இருந்தே ஆக வேண்டும். ஆர்410ஏ என்ற இன்னொரு வகை, இரண்டு கேஸ்களின் கலவை. அது ஒழுகியிருந்தால் டாப்-அப் வேண்டாம், முழுக்க வெளியேற்றிப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். லீக் டெஸ்ட், வேக்யூம், எடைபோட்ட கேஸ் எல்லாம் சேர்த்து 2,500 முதல் 4,000 வரை நியாயமான கூலி. இதில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பணம் அதிகம்.

மற்ற ரிப்பேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் ஜெட் பம்ப் சர்வீஸ் 500 முதல் 800 ரூபாய். பழைய, இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் "ம்ம்" என்று முனகி நின்றுவிடுகிறது என்றால் முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டு மீட்டரில் 38 காட்டினால் அதுதான் குற்றவாளி. பொருத்துக்கூலியோடு ஆயிரத்துக்குள் முடியும். இதைப் பார்க்காமலே "கம்ப்ரஸர் கயா" என்று 12,000, 15,000 கேட்பவர்கள் உண்டு. கம்ப்ரஸர் போய்விட்டது என்றால் மூன்று டெர்மினல்களுக்கு இடையிலும் ஓம்ஸ் (மின்தடை) அளந்து காட்டச் சொல்லுங்கள். பழைய வகையில் பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும், இன்வெர்ட்டரில் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், மெயினை அணைத்த பிறகும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் ஏசியில் பெரிய செலவு பிசிபி எனும் எலக்ட்ரானிக் போர்டு. மழைக்கால ஈரம், பல்லி, எறும்பு, மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று அதற்கு எதிரிகள் அதிகம். புதிது 6,000இல் தொடங்கி 15,000 வரை போகும். வாரண்ட்டி முடிந்திருந்தால் லேமிங்டன் ரோடு போல எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் போர்டைக் காட்டுங்கள். ஓரிரு உதிரிபாகம் மாற்றி 1,500 முதல் 3,500க்குள் பலமுறை உயிர்பிழைக்கும்.

எஸ்டிமேட்டில் வராத இன்னொரு செலவு, உயரம். பால்கனி இல்லாத வெளிச்சுவரில் தொங்கும் அவுட்டோருக்குப் பெல்ட் கட்டி இறங்கும் ஆள் தனிக்கூலி கேட்பார். கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். பெல்ட் இல்லாமல் இறங்குகிறவரை இறங்கவிடாதீர்கள். ஆள் இறங்கும்போதே இரும்பு ஸ்டாண்டின் துருவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நான்கைந்து மழைக்காலம் பார்த்த ஸ்டாண்டுக்குக் கீழே நடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றலாமா, ரிப்பேர் செய்யலாமா? ஏழெட்டு வருடம் தாண்டிய ஏசிக்குக் காயிலோ கம்ப்ரஸரோ போய், செலவு புது ஏசி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் மாற்றத்தான் சொல்வேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்திருப்பதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் "பத்து வருட வாரண்ட்டி" என்பது பெரும்பாலும் கம்ப்ரஸர் என்ற பாகத்துக்கு மட்டும். கேஸ், கூலி, போக்குவரத்து உங்கள் தலையில்தான்.

புது ஏசி வந்திறங்கியதும், அவுட்டோரை வெளிச்சுவரில் ஏற்றுவதற்கு முன் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிலோ, எந்த மாடல் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு அதைப் படிக்க ஏழாவது மாடியில் ஒருவர் கயிற்றில் தொங்க வேண்டியிருக்கும்.