காவலூரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, வீடு காட்பாடியில். மாதத்தில் பாதிக்கு மேல் செகண்ட் ஷிஃப்ட்தான் விழும். மதியம் 2 மணிக்கு உள்ளே போனால் ராத்திரி 10 மணிக்கு வெளியே. கம்பெனி பஸ் பிடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது பதினொன்றை நெருங்கியிருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் எப்போதோ தூங்கிப்போயிருப்பார்கள்.

அதனால் காலை வேலை முழுக்க என்னுடையது. பெரியவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ரெட்டை ஜடை நான்தான் பின்னுகிறேன். நேராக வகிடு எடுத்து, மூன்று கால் பிரித்து, ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு இழுப்பு இழுத்து ரிப்பனை மடித்துக் கட்டினால் சாயங்காலம் பள்ளி விட்டு வரும்வரை அவிழாது. சின்னவனுக்கு மூன்றரை வயது. இட்லியைப் பிய்த்து வைத்துக் கொடுத்தால் தொட மாட்டான். முழுசாக வைத்து, அவன் பார்க்கப் பார்க்கத்தான் பிய்க்க வேண்டும். பால்வாடிக்குப் போகும்போது இடது காலுக்குத்தான் முதலில் செருப்பு. இப்படிப் பகலில் என் பிள்ளைகளைப் பற்றி எது கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

ராத்திரி எப்படி என்று எனக்குத் தெரியாது. எந்தக் கதை கேட்கிறார்கள், இருட்டில் எதைக் கண்டு பயப்படுகிறார்கள், எது இருந்தால் தூக்கம் வருகிறது, எல்லாம் அவர்கள் அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள். பொங்கல் லீவில் ஒருநாள் ஜடை பின்னிக்கொண்டிருக்கும்போது பெரியவள் கேட்டாள்: "அப்பா, நீ ராத்திரியே வீட்டுக்கு வந்துடுவியா, இல்ல காலையிலதான் வருவியா?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குப் பின்னல் பாதியில் நின்றுவிட்டது.

ஜவ்வாது மலையில் வான் ஆய்வகம் இருக்கிற காவலூருக்குப் போகலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ராத்திரிக்காகவே போகிற ஊர் நம் பக்கத்தில் அது ஒன்றுதான். தை அமாவாசை கழிந்து வந்த சனிக்கிழமை எனக்கு வார விடுமுறை. என் மனைவிக்கு மறுநாள் போட்டித் தேர்வுக்கான மாதிரிப் பரீட்சை. "ஏங்க, ஒரு நாள் முழுசா என்னைப் படிக்க விட்டா போதும், எங்க வேணா கூட்டிட்டுப் போங்க" என்றாள். மச்சானிடம் காரை வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம்.

பள்ளிகொண்டா தாண்டினால் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே பாலாறு வருகிறது. வழக்கம்போல மணலும் முள்ளும்தான். "இது ஆறா?" என்றாள் பெரியவள். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-ல் திரும்ப வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் அவளைத் தோளில் வைத்து அந்தச் செம்மண் வெள்ளத்தைக் காட்டினேன். அப்போது அவளுக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லையாம். "நீ பார்த்திருக்கே, கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டது தப்பு என்று ஆலங்காயம் தாண்டியதும் தெரிந்தது. சீரகச் சம்பாவும் கத்திரிக்காயும் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் கடந்து ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வளைவிலும் பெரியவளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கண்ணாடியில் பார்த்து வண்டியை ஓரம் கட்டுவதற்குள் மடியிலேயே எடுத்துவிட்டாள். மாற்று டிரஸ் சின்னவனுக்கு மட்டும்தான் எடுத்து வந்திருந்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு செட் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா வந்திருந்தால் எடுத்து வைத்திருப்பாள்.

கொஞ்சம் மேலே ஒரு டீக்கடை. பலகையில் புளியும் தேன் பாட்டில்களும் சாமை மூட்டையும் வைத்திருந்த அம்மா ஓடி வந்து, "இன்னா கண்ணு, வாந்தி எடுத்துட்டியா?" என்று அவளைக் கையோடு கூட்டிப்போய், குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, பாவாடையை அலசிப் பிழிந்து கொடுத்தார். எலுமிச்சம் பழம் ஒன்றைக் கீறி மூக்கிடம் பிடிக்கச் சொன்னார். காசு வாங்கவே இல்லை. அரை லிட்டர் தேன் வாங்கிக்கொண்டு வந்தேன். என் சட்டைதான் மிச்ச நேரமெல்லாம் அவளுக்குக் கவுன். நான் பனியனோடு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளோடு இந்த மலை ஏறுகிறவர்கள் மதியம் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக எடுங்கள்.

காவலூர் ஆய்வகம் காட்டுக்குள் இருக்கிறது. மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு பெரிய குவிமாடம் எழுந்து நிற்கும், அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வேறு குவிமாடங்கள். பெரியதற்குள் இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. அந்தக் கண்ணாடியைப் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு வானியலாளர் வேணு பாப்புவின் பெயரை வைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை; 1982-லேயே இறந்துவிட்டார். பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வட வானம் தென் வானம் இரண்டும் கிடைக்கும் என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். 1968-ல் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு தொடங்கியது.

பாப்புவைப் பற்றி எனக்கு மனதில் நின்ற விஷயம் வேறு. அவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி வேலைக்காரர். அப்பா வேலை செய்யும் இடத்து வானத்தைப் பார்த்து வளர்ந்த பையன் 1949-ல், இருபத்திரண்டு வயதுகூட நிறையாதபோது, ஹார்வர்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தான். அது அவன் பெயரோடு சேர்த்துத்தான் அழைக்கப்படுகிறது. அந்த அப்பா எத்தனை ராத்திரி பையனைக் கூட வைத்துக்கொண்டாரோ என்று குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்னவன் கீழே உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். தொலைநோக்கி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கற்களில் பதினொன்றை என் ஸ்வெட்டர் பையில் போட்டான், இன்னும் வீட்டில் இருக்கின்றன.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் வரிசை கட்டியது. எண்பது பேராவது இருப்போம், பாதி பேர் குழந்தைகள். வண்டி விளக்கு, செல்போன் வெளிச்சம் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். மின்விளக்கு இல்லாத இருட்டை என் பிள்ளைகள் அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள். சின்னவன் என் காலைக் கட்டிக்கொண்டான். பயப்படுகிறான் என்று நினைத்துத் தூக்கினேன். அவனுக்குப் பயம் இருட்டைக் கண்டு இல்லை, சத்தமே இல்லாததைக் கண்டு. "ஃபேன் சத்தம் எங்கப்பா?" என்று காதோடு கேட்டான். வீட்டில் மார்கழிக் குளிரிலும் ஃபேன் ஏன் ஓடுகிறது என்று நான் எத்தனை தடவை கோபப்பட்டிருக்கிறேன்! நான் வரும்போது சுற்றிக்கொண்டிருக்கும், நிறுத்திவிட்டுப் படுப்பேன். அவன் நடுராத்திரி எழுந்து அழுவதற்குக் காரணம் அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. வாயால் ஃபேன் மாதிரி மெதுவாக ஊதிக் காட்டினேன். காலைக் கட்டிய பிடி தளர்ந்தது.

மேற்கே மெல்லிய பிறை, அதை ஒட்டி வெள்ளி. தலைக்கு நேர் மேலே கார்த்திகை. எங்கள் பெரியவள் பிறந்த நட்சத்திரம் கிருத்திகை. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற பெயராக மட்டும்தான் அது அவளுக்குத் தெரியும். "அதோ பார், கொத்தா இருக்கே, அதுதான் உன் நட்சத்திரம்" என்று கையை நீட்டினேன். என் விரல் வழியாகப் பார்க்க வசதியாகத் தன் கன்னத்தை என் தோளோடு ஒட்டிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி ஆறு வரை போனாள். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர், முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் என்று கதை சொன்னேன். "அம்மா இந்தக் கதை சொல்லிட்டாங்க, ஆனா அவங்க அங்க இருக்காங்கன்னு சொல்லல" என்றாள். தம்பிக்குத் திருவாதிரை. கிழக்குப் பக்கம் உயரத்தில் லேசான சிவப்பாக மின்னுவதைக் காட்டினேன். "தம்பிது ஒண்ணுதான், எனக்கு ஆறு" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கார்த்திகைக்குப் பக்கத்தில், ரோகிணியை ஒட்டி, மின்னாமல் பளிச்சென்று ஒன்று நின்றது. வியாழன். எங்கள் அம்மா குருப்பெயர்ச்சி பலன் படித்து "குரு ரிஷபத்துல இருக்கார்" என்று சொல்வார்களே, அந்தக் குரு, அந்த ரிஷபம். அம்மா வாயால் கேட்டதை வானத்தில் இடம் பிடித்துப் பார்த்தது எனக்கே அதுதான் முதல்முறை.

பொதுமக்களுக்கு என்று வைத்திருக்கிற சின்னத் தொலைநோக்கியில் முதலில் பிறை. வரிசை ஆமைபோல நகர்ந்தது. சின்னவன் என் தோளில் கனத்துக்கொண்டே வந்தான். அப்போதுதான் அது நடந்தது. அவன் வலது கை என் கழுத்தைத் தடவி மேலே ஏறி, காது மடலைப் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினான். அவ்வளவு மெதுவாக, மாவை உருட்டிப் பதம் பார்ப்பதுபோல. நடுவில் நிறுத்தி, மடலின் அடியில் எதையோ தேடினான். அவன் அம்மாவின் கம்மல் இருக்கும் இடம். இல்லை என்று தெரிந்ததும் ஒரு நொடி தயங்கி, மறுபடி உருட்டத் தொடங்கினான். "தம்பி அப்படித்தாம்பா தூங்குவான்" என்றாள் பெரியவள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். பத்து நிமிஷத்தில் விரல்கள் நின்றுவிட்டன. மூச்சு என் கழுத்தில் சுட்டது.

எங்கள் முறை வந்தபோது அவன் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தான். கண்ணை வைத்துப் பார்க்க முழுசாகக் குனிய வேண்டும், குனிந்தால் எழுந்துவிடுவான். "சார், நீங்க பாக்கலையா?" என்று அங்கிருந்த பணியாளர் கேட்டார். "இவளுக்கே என் முறையையும் கொடுங்க" என்றேன். தொலைநோக்கியை வியாழனுக்குத் திருப்பியபோதும் அப்படியே. முக்காலியில் ஏறி, என் சட்டையின் கையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

"என்ன தெரியுது?"

"பெரிய புள்ளி ஒண்ணு. அதுல கோடு போட்டிருக்கு. இந்தப் பக்கம் மூணு சின்னப் புள்ளி, அந்தப் பக்கம் ஒண்ணு. எல்லாம் ஒரே கோட்டுல நிக்குது, ப்ரேயர்ல நிக்கற மாதிரி."

அந்த நான்கும் வியாழனின் நிலாக்கள், 1610-ல் கலிலியோ பார்த்தவை. அதில் ஒன்றின் பெயர் கனிமீட். 1972-ல் இதே வளாகத்தில் புதிதாக வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கியால், அந்தக் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்த நேரத்தில் கவனித்துத்தான் அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். வீட்டில் படித்துவிட்டுப் போயிருந்தேன், அவளிடம் சொல்ல வேண்டும் என்று. "நீ பாத்த புள்ளியில ஒண்ணுல காத்து இருக்குன்னு இங்கயிருந்துதான் பாத்தாங்க, கண்ணு." அவள் தலையைத் தூக்கி வெறும் கண்ணால் வியாழனைப் பார்த்தாள், மறுபடி குனிந்து குழாய்க்குள் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் மழைக்காலத்தைத் தவிர்த்து, கிளம்புவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். குளிருக்குப் போர்வையும் பெரிய பிள்ளைக்கும் மாற்று டிரஸ்ஸும் கட்டாயம். கடைகளை நம்பாமல் ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

இறங்கும்போது பெரியவள் முன் சீட்டில் விழித்தே வந்தாள், எலுமிச்சம் பழத்தைக் கையில் பிடித்தபடி. ஆலங்காயம் விளக்குகள் வந்ததும் "வியாழன் மங்கிடுச்சுப்பா" என்றாள். வாணியம்பாடிக்கு முன்னால் அவளும் தூங்கிவிட்டாள்.

வீடு வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. என் மனைவி புத்தகத்தை மார்பில் கவிழ்த்தபடி தூங்கியிருந்தாள். பெரியவளை நடத்திக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, சின்னவனைப் பாயில் கிடத்தினேன். ஃபேனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவன் கை காற்றில் எதையோ துழாவியது. பக்கத்தில் படுத்துத் தலையை அவன் பக்கம் நகர்த்தினேன். விரல்கள் என் காதைக் கண்டுபிடித்தன.