ரன் என்ற ஒரு சொல்லோடு மூன்று வாரம்

ஜூன் 3, செவ்வாய்

மாலை வகுப்புக்கு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஐந்து பெண்கள், ஒரு தம்பி. எல்லோரும் நர்சுகள். பகல் ஷிப்டு முடிந்து, சீருடை மாற்றி, வடசேரியில் பஸ் இறங்கி, என் வீட்டு மாடிக்கு ஏறி வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். முதலில் ஆளுக்கொரு கட்டன் சாயா கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன்.

பிரிட்டனில் வேலைக்குப் பதிவு செய்ய இவர்கள் எழுதப்போவது ஓ.இ.டி. தேர்வு, மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் பி கிரேடு வேண்டும், எழுதுவதில் சி பிளஸ் போதும். பேசும் தேர்வை நினைத்தால்தான் எல்லோருக்கும் நடுக்கம். எதிரே ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார், இவர்கள் நர்சாகப் பேச வேண்டும். நோயாளியின் நிலைமை எழுதிய அட்டையைப் படித்துக்கொள்ள மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். இப்படி இரண்டு முறை.

இன்று நான் நோயாளி. "ஐவ் ஹேட் த ரன்ஸ் சின்ஸ் லாஸ்ட் நைட்" என்றேன். எதிரே மார்த்தாண்டத்துப் பெண். ஐ.சி.யு.வில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். சற்று யோசித்தாள். பிறகு, ராத்திரியில் எதற்காக ஓடினீர்கள், கால் வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் அக்கறையாகக் கேட்டாள். மற்ற ஐந்து பேரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை.

"நேற்று ராத்திரியிலிருந்து எனக்கு வயிற்றாலே போகிறது, மக்களே. அதைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு என்னைவிடப் பத்து மடங்கு தெரியும். நோயாளியைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும். கையுறையும் ஏப்ரனும் போட வேண்டும். நோரோவைரஸாக இருந்தால் கையில் தேய்க்கும் ஜெல்லை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். எத்தனை முறை போனது, மலத்தை வகைபிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் ஒன்று முதல் ஏழு வரை எந்த வகை என்று குறித்துக்கொள்ள வேண்டும். அத்தனையும் அவள் கைக்குள் இருக்கிறது. ரன் என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது.

ஜூன் 4, புதன்

ஒரு தவறு செய்துவிட்டேன். ரன் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள்களைப் பலகை முழுக்க எழுதினேன். மூக்கு ஒழுகுவது, சாயம் போவது, காய்ச்சல் அடிப்பது, கடை நடத்துவது, கடத்தல் செய்வது, கோழி உலவுகிற கம்பி வேலிக்கூண்டு, பலரும் ஒரே நேரத்தில் பாங்க்குக்கு ஓடிப் பணத்தை எடுப்பது, கப்பல் தரைதட்டுவது. இருபது வந்ததும் நிறுத்தினேன். எல்லோரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"மொத்தம் எத்தனை இருக்கும், டீச்சர்?" என்று கேட்டாள் குலசேகரத்துப் பெண்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1989-இல் இருபது தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்கு இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லையும் புதிதாக ஆராய்ந்து திருத்தி வந்தபோது ரன் அதை முந்திவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார்.

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். எனக்கு அந்த 645 ஒரு பெருமை. ஒரு சொல் ஆயிரம் வருடத்துக்கு மேல் எத்தனை வாய்களில் புழங்கியிருந்தால் இப்படி வளரும் என்று நினைத்து மகிழ்ந்தவள் நான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு அது இன்னொரு மலை. அந்த எண்ணை இன்று சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

நேற்று முழுவதும் இதே யோசனை. சொல்லின் வேரைப் பிடித்தால் வழி தெரியும் என்று தோன்றியது, தெரிந்தது.

பழைய ஆங்கிலத்தில் ரின்னன் என்று ஒரு வினை இருந்தது. ஆள் ஓடுவதற்கும் அதுதான், நீர் வழிவதற்கும் அதுதான். அதன் உடன்பிறப்பாக இன்னொரு வினையும் இருந்தது. குதிரையை ஓட்டிச் செல்வதைப் போல, ஒன்றை ஓடவைப்பது அதன் பொருள். போகப்போக இரண்டும் கலந்து ரன் என்ற ஒரே உருவத்தில் நின்றுவிட்டன. ஜெர்மன் மொழி இன்றும் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. தண்ணீர் வழிந்தால் ரின்னன், ஆள் விரைந்து ஓடினால் ரென்னன்.

நம்மிடமும் இரண்டு உண்டு. ஓடு, ஓட்டு. இயந்திரம் ஓடுகிறது, இயந்திரத்தை ஓட்டுகிறான். நமக்கு ஒரு ட் சேர்ந்தால் ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ரன்தான். இதை எழுதிப்போட்டதும் தக்கலைத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படியென்றால், டீச்சர், ரன்னுக்குப் பின்னால் ஏதாவது பொருள் வந்தால் ஓட்டு, வராவிட்டால் ஓடு. அப்படித்தானே?" எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும், முதல் அடி எடுத்துவைக்க அது போதும்.

அதற்குப் பிறகு பழைய பட்டியலை அழித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் காதில் விழக்கூடிய வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூக்கு, குழாய், சொட்டு மருந்து, வயிறு எல்லாம் வழிவதன் பக்கம் போய்ச் சேர்ந்தன. வார்டை நடத்துவது, பரிசோதனை செய்வது எல்லாம் ஓட்டுவதன் பக்கம். ரன் அவுட் என்றால் ஓடி ஓடித் தீர்ந்துபோவது. கையுறை ரன் அவுட் ஆகிவிட்டது என்றால் அலமாரி காலி. ரன் டவுன் என்றால் சாவி கொடுத்த கடிகாரம் ஓடி ஓய்ந்து நிற்பது. உடம்பு அப்படி இருக்கிறது என்று நோயாளி சொன்னால் அசந்து, ஓய்ந்து போயிருக்கிறார் என்று பொருள். ஆனால் கார் ஒருவரை ரன் டவுன் செய்தது என்றால் மோதித் தள்ளிவிட்டது.

நம் சொல் எங்கே பிரிந்து போகிறது என்பதையும் பார்த்தோம். நமக்குச் சாயம் போகிறது, மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. இதில் எதுவும் ஓடவில்லை. கடையை ஆங்கிலம் ஓடவைக்கிறது, நாம் நடத்துகிறோம், அதாவது நடக்கவைக்கிறோம். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார். பிரிட்டன்காரர் நிற்கிறார், நம் ஊர்க்காரரைப் போலவே. இதைக் கேட்டு எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். போகப்போகிற ஊர் ஒரு சொல்லிலாவது நம்மோடு நிற்கிறதே என்று.

ஜூன் 9, திங்கள்

இன்று அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

"ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்" என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மார்த்தாண்டத்துப் பெண் பலகைக்கு வந்து கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். ஒரு மில்லி லிட்டருக்கு இருபது சொட்டு விழுகிற செட்டு. மொத்தம் இருபதாயிரம் சொட்டு. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.

பிறகு பலகையில் சொட்டு விழுகிற அந்தச் சின்னக் குப்பியை வரைந்து காட்டினாள். பாட்டிலுக்குக் கீழே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், பாதி நிரம்பியிருக்கும். வாட்சைத் திருப்பி மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து, ஒரு கண் சொட்டில், ஒரு கண் முள்ளில். கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று விழ வேண்டும். குழாயிலுள்ள சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை உருட்டினால் சொட்டு நெருங்கும், திரும்ப உருட்டினால் விலகும். நோயாளி கையை மடக்கினால் நின்றுவிடும். பம்ப் இருக்கும் இடத்தில் இதெல்லாம் வேண்டாம், பம்ப் இல்லாத இரவுகளில் இப்படித்தான் எண்ணுவோம் என்றாள். சொல்லும்போது அவள் கட்டைவிரல் காற்றில் தானாக உருண்டது.

"இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"குளுக்கோஸ் ஏறுகிறது என்போம்."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். மேலிருந்து கீழே சொட்டுவதை நாம் ஏறுகிறது என்கிறோம். ரத்தம் ஏற்றினார்கள் என்கிறோம். நம் கண் பாட்டிலைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்க்கிறது. உடம்புக்குள் தெம்பு ஏறுகிறது. ஆங்கிலம் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கே நீர் ஓடுகிறது.

பத்துகாணியிலிருந்து வரும் பெண் இன்னொன்றையும் பிடித்தாள். லாரி ஒருவர்மேல் போய்விட்டால் ஆங்கிலத்தில் ரன் ஓவர். நாமும் லாரி ஏறிவிட்டது என்றுதான் சொல்வோம். மருந்துக்கும் லாரிக்கும் அவர்களுக்கு ரன் ஓவர், நமக்கு ஏறு. முப்பது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நள்ளிரவு வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பழைய மாணவி ஒருத்தி வட இங்கிலாந்திலிருந்து போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கேட்கவைத்தேன்.

அவள் போன புதிதில் வார்டில் ஒரு பாட்டி, "வுட் யூ ரன் மீ எ பாத், லவ்?" என்று கேட்டிருக்கிறார். ரன், பாத் இரண்டும் காதில் விழுந்ததும், அவசரமாகக் குளியலறைக்குப் போக வேண்டும்போல என்று நினைத்து, வாக்கரைக் கொடுத்து வேகமாகக் கூட்டிப் போயிருக்கிறாள். உள்ளே தொட்டி காய்ந்து கிடந்தது. பாட்டி மூச்சு வாங்கிக்கொண்டே இவள் கையைப் பிடித்து, ஓட வேண்டியது நானில்லை, தண்ணீர்தான் என்று குழாயைக் காட்டினாராம். தொட்டியை நிரப்பி, வெப்பமானி வைத்து, 44 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்து, பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

"அந்தப் பாட்டி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், டீச்சர்?" என்றாள். நான்கு வருடம் கழித்தும் குரலில் அந்தப் பயம் இருந்தது. அன்று சாமான் அறைக்குள் போய் அழுதாளாம்.

குலசேகரத்துப் பெண்ணுக்கு வேறொரு சந்தேகம். "லவ் என்றா கூப்பிட்டார்கள்?" ஆமாம், அங்கே கடைக்காரரும் பஸ் டிரைவரும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றாள் மாணவி. நம் ஊர்ப் பாட்டி மருந்து கொடுக்க வருகிற பிள்ளையை மக்களே என்று கூப்பிடுவாரே, அதுதான் என்று நான் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

காலையில் தொல்காப்பிய உரியியலை எடுத்துப் பார்த்தேன். கடி என்ற ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருளை ஒரே நூற்பாவில் தொல்காப்பியர் அடுக்கி வைத்திருக்கிறார்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. கடிமலர் என்றால் புதுமலர், கடிநுனை என்றால் கூரிய நுனை, கடிமரம் என்றால் காவல்மரம். மலரும் நுனையும் மரமும் பக்கத்தில் வந்து நின்று பொருளைத் தீர்மானிக்கின்றன. மாலையில் இதைச் சொன்னேன். இனி ரன்னை உற்றுப் பார்க்காதீர்கள், அதன் பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள் என்றேன். மூக்கா, குழாயா, வார்டா, லாரியா.

ஜூன் 18, புதன்

நல்ல மழை. மூன்று பேர்தான் வந்தார்கள். சாயா குடித்து, கேட்டல் பயிற்சி ஒன்று முடித்து, சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 21, சனி

தம்பி வரும்போதே கிரிக்கெட் செய்தியோடு வந்தான். லீட்ஸில் நேற்று முதல் நாள் முடிவில் இந்தியா மூன்று விக்கெட்டுக்கு 359. "நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ரன் இது ஒன்றுதான், டீச்சர்" என்றான். உண்மைதான். பத்திரிகை ஓட்டம் என்று எழுதினாலும் வாய் ரன் என்றுதான் சொல்லும்.

இன்று மறுபடியும் மார்த்தாண்டத்துப் பெண் என் எதிரே உட்கார்ந்தாள். அட்டையில், மருந்து மாற்றப்பட்ட நீரிழிவு நோயாளி. "ஐ'ம் ஃபீலிங் எ பிட் ரன் டவுன்" என்று ஆரம்பித்தேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, இரவு தூக்கம் வருகிறதா, அசதி என்றால் எந்த வேலை செய்யும்போது அசதி, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஊகித்துவிட்டுப் போகாமல் நோயாளியிடமே கேட்டுத் தெளிவு செய்கிறாள். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. வார்டில் அதன் மதிப்பு அவளுக்கே தெரியும்.

புதிய மாத்திரையை எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று விளக்கி முடித்தாள். அப்போது அட்டையில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். "ஸாரி லவ், குட் யூ ரன் தட் பை மீ அகெய்ன்?"

இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பின்னால் இருந்த ஐந்து பேரும் பேனாவை நிறுத்தினார்கள். அவள் அட்டையைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துக்கொண்டாள். மாத்திரையின் பெயரிலிருந்து, இந்த முறை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு விரலை மடக்கி, மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து நிமிட மணி அடித்தது. மூன்றாவது விரல் மடங்கும் வரை அவள் நிறுத்தவில்லை.