கடலாமைப் பருவத்தில் தன்னார்வப் பணி: அனுமதிக் கடிதம் முதல் குஞ்சுகளைக் கடலில் விட்டது வரை

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் பெரும்பகுதி வளாகத்தைக் கூட்டுவதிலும் பேரணி நடப்பதிலும் போய்விடுகிறது. ராமநாதபுரத்தில் படிக்கும் எங்களுக்கு, கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு கடலை வைத்துக்கொண்டு அப்படிக் கழிக்க மனம் வரவில்லை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில். பூங்காவில் பணி என்றதும் தோழிகள் எல்லோருக்கும் தீவுக்குப் போகும் ஆசை வந்தது. ஆனால் அனுமதியில்லாமல் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. மாணவர் கூட்டம் போய் மிதிப்பதால் அந்தத் தீவுகளுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதே என் எண்ணமும். ஆள் தேவைப்படுவது ஆமைகள் முட்டையிட ஏறும் கரையில்தான்.

கடிதம் எழுதும் முன்பே மண்டபம் பக்கம் பணியில் இருக்கும் வனக்காப்பாளர் ஒருவரைப் பார்த்துப் பேசினோம். இந்த வரிசை முக்கியம். "கூட்டம் வேண்டாம்மா. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை விடாமல் வருவீர்களா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே கடிதத்தை எழுதினோம். எந்தக் கரை, எந்த மாதங்கள், வாரத்தில் எந்த நாள், ஒரு முறைக்கு எத்தனை பேர், உடன் வரும் ஆசிரியர் யார் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டு, முதல்வர் கையொப்பத்துடன் வன உயிரினக் காப்பாளருக்கு முகவரியிட்டோம். பெயர்ப் பட்டியலில் ரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் சேர்த்தோம். பெற்றோர் ஒப்புதலைத் தனித்தனித் தாளில் வாங்கி இணைத்தோம். இடையில் ஒரு மேசையில் அந்தக் கடிதம் நெடுநாள் அசையாமல் கிடந்தது. நேரில் போய், அதே இடத்தில் நின்று, மறுநகல் கொடுத்த பிறகே நகர்ந்தது. ஜனவரிப் பருவத்துக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள். பொங்கல் விடுமுறை வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அலுவலகத்தைவிடக் கடினமாக இருந்தது வீடு. விடியும் முன் கரையில் நிற்க வேண்டுமானால் முந்தைய இரவே போய்த் தங்க வேண்டும். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? தங்கச்சிமடத்தில் எங்கள் தோழியின் சித்தி, "என் வீட்டில் படுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒவ்வொரு தாயிடமும் போனில் பேசினார். அந்த ஒரு குரல் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் வந்திருக்க முடியாது.

தனுஷ்கோடிக் கரையில் ஏறி முட்டையிடுவது பெரும்பாலும் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி. எடுத்த முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகம் வனத்துறைக்கு முகுந்தராயர் சத்திரத்தில் இருக்கிறது. எங்கள் வேலை வேட்டைத் தடுப்புக் காவலருடன் நடந்து தடம் தேடுவது. இடமும் வலமும் மாறி மாறித் துடுப்பு பதிந்திருந்தால் பங்குனி ஆமை. இரண்டு பக்கமும் இணையாகப் பதிந்திருந்தால் பேராமை எனப்படும் பச்சை ஆமை. வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். கையில் கொசுக்களிம்பு தடவியிருக்கக் கூடாது.

குழியைக் கண்டுபிடித்துத் தோண்டுவது காவலரின் வேலை. ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில், பெரும்பாலும் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஓடு தோல்போல வளைந்து கொடுக்கும்; முதல் முறை தொட்டபோது எனக்கு மூச்சே நின்றது. இட்ட சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன்பின் புரட்டினால் செத்துவிடும். அதனால்தான் விடிகாலையிலேயே எடுக்கிறார்கள். இருந்த நிலையிலேயே வாளியில் அடுக்கி, அந்தக் குழியின் மணலையே மேலே போட்டு, குலுங்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து, அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். எந்த நாளில் எந்தக் கரையில் எடுத்தது, எத்தனை முட்டை என்று பலகையில் எழுதி நடுவது எங்கள் பொறுப்பு. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள் பிறக்கும் என்பதால் வெப்பநிலையையும் குறித்தோம். நாய்கள் தோண்டாதபடி வேலியைச் சரிபார்த்தோம்.

செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்த்தோம். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகிறது. அவற்றின் ஓட்டை நாடாவால் அளந்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்வதும் எங்கள் பணியில் சேர்ந்தது. அழுதுகொண்டே அளந்த காலைகள் உண்டு. அந்தப் பதிவு இல்லாமல் போனால் அந்தச் சாவு யார் கணக்கிலும் வராது. கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, "எங்கள் வலையில் ஏறினால் கழற்றி விட்டுவிடுவோம் தாயி. ஆழத்தில் இழுக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது" என்றார். தடம் கண்ட இடங்களை அதன்பின் எங்களுக்கு அவரே முதலில் சொன்னார்.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் மணலைக் கிளப்பிக்கொண்டு வருகின்றன. அலையில் கொண்டுபோய்ப் போடக் கூடாது. சற்றுத் தள்ளி மணலில் விட்டு, அவையே நடந்து போக வழிவிட வேண்டும். கைப்பேசி வெளிச்சம் பட்டால் கடலை விட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆகையால் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் விளக்கை அணைக்கச் சொல்லி வேண்டுவதே அன்று எங்களில் பலரின் வேலை.

ஏப்ரலில் தேர்வும் குஞ்சு பொரிப்பும் ஒன்றாக வரும். இறுதியாண்டு மாணவர்களை அந்த மாதப் பட்டியலில் சேர்க்காதீர்கள். குறிப்பேட்டின் ஒரு நகலை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றொன்றை இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த பருவத்துக்கான கடிதம் இப்போது முதல்வர் கையொப்பத்துக்குப் போயிருக்கிறது.