இரணைமடுக் குளக்கட்டில் 24 புளியங்கொட்டை: மூன்றாவது முயற்சி சரிவந்தது

நேற்றுப் போயா விடுமுறையில் எங்கள் கதையாட்டத்தின் ஐந்தாவது அமர்வு முடிந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகி, கட்டை உருட்டி, மேசையைச் சுற்றி இருந்து சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம் இது; நடத்துவது நான். கிட்டத்தட்ட இதே ஆட்கள், இதே மேசை, இதே ‘உலகம் முடிந்த பிறகு’ என்ற களம்தான் முதல் இரண்டு தடவையும். இரண்டும் மூன்றாவது அமர்வோடு படுத்துவிட்டன. நேற்று மாலை ஐந்து மணிக்கு “சரி, நிறுத்துவோம்” என்று நான் கொப்பியை மூடியபோது ஒருவரும் எழும்பவில்லை. மேசை நடுவில் ஏழு புளியங்கொட்டை கிடந்தது, ஆறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு கொட்டைக்கு வந்து சேர எனக்கு எட்டு மாதம் பிடித்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

விதி எல்லாம் ஏற்கனவே உள்ள ஒரு கதையாட்டத்தினுடையதுதான். வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’, அதைப் பாதி கழற்றித் தமிழில் மாற்றியது. இரண்டு ஆறுமுகத் தாயக்கட்டையை உருட்டிக் கூட்ட வேண்டும். 10உம் மேலும் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6உம் கீழும் கதை நடத்துபவர் கையில். களம் இரணைமடுக் குளக்கட்டு. கட்டின் மேல் ஒரு சிறு குடியிருப்பு, வடக்கே ஆனையிறவில் உப்பளத்தை வைத்திருக்கும் இன்னொரு கூட்டம், நடுவில் ஏ9 வீதியும் தண்டவாளமும் காடு மூடிக் கிடக்கின்றன. மின்சாரம் இல்லை, கொழும்பிலிருந்து ஒன்றும் வராது. ஏன் இப்படி ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் முயற்சியில் அதைச் சொல்லித்தான் கெடுத்தேன். உலகம் எப்படி முடிந்தது என்று 14 பக்கம் எழுதி, வழி நெடுக இடிபாடும் உருமாறிய மிருகங்களும் வைத்தேன். அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சுட்டார்கள், அடுத்த ஊருக்குப் போனார்கள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. அழிவைப் பார்க்க யாருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆசை இருப்பதில்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

அப்படியென்றால் இந்தக் களத்தில் என்ன இருக்கிறது, ஏன் திரும்பத் திரும்ப இதற்கே வருகிறோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இதற்கு முன் இரண்டு வருடம் மந்திரமும் டிராகனும் உள்ள உலகத்தில் ஆடினோம். வவுனியாவிலிருந்து வரும் அண்ணை அந்தப் புத்தகங்களை எல்லாம் படித்தவர், நல்ல மனிதர், ஆனால் மற்றவர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். “இந்த இனத்து ஆட்கள் இருட்டில் பார்ப்பார்களா?” “இந்த நகரத்தில் ராசா இருக்கிறாரா?” அனுமதி கேட்டுக் கேட்டே பொழுது போய்விடும். இரணைமடுவில் முதல் அமர்விலேயே, முன்பு ஒருநாளும் ஆடாத முல்லைத்தீவுத் தங்கச்சி, தன் முறை வந்ததும் நேரே சொன்னாள்: “துருசுக் கதவு இறுகிப்போயிருக்கும். கிறீஸ் போடாமல் திறக்காது.” ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பா வயல் செய்கிறவர், துருசு, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு, எப்படி இறுகும் என்று அவளுக்குத் தெரியும். கிறீசுக்கு எங்கே போவது, இலுப்பெண்ணெய் சரிவருமா, இலுப்பை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்த ஒரு வசனம் மூன்று அமர்வை இழுத்துக்கொண்டு போனது. உடைந்து போன உலகம் என்றால் உடைவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோருக்கும் அதைப் பற்றிச் சொல்ல உரிமை வருகிறது. சேர்ந்து கதை சொல்வதற்கு இதைவிட நல்ல களம் நான் காணவில்லை. சைக்கிள் திருத்துகிறவர் அங்கே ராசாவைவிடப் பெரிய ஆள்.

சரி, புளியங்கொட்டைக்கு வருகிறேன்.

இரண்டாவது முயற்சியில் பொருட்களை எண்ண வேண்டும் என்று பிடிபட்டது, ஆனால் எத்தனை என்று பிடிபடவில்லை. குடியிருப்புக்குப் பொதுவாக மண்ணெண்ணெய். ஒரு கொட்டை ஒரு போத்தல். முதலில் 60 கொடுத்தேன், ஒருவரும் கவலைப்படவில்லை, கேட்காமல் எடுத்துப் பாவித்தார்கள். பயந்து அடுத்த அமர்வில் 12 ஆக வெட்டினேன். உடனே ஆளுக்கு இரண்டைப் பொத்திக்கொண்டு வாயை மூடிவிட்டார்கள். கதை அந்த இடத்திலேயே செத்தது.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்குப் போட்டேன். இரண்டு கட்டை விழும் விதம் 36. பாத்திரத்தின் திறமைக்காகக் கட்டை எண்ணோடு சேர்க்கும் கூட்டல் ஒன்றும் இல்லாதவருக்கு 6உம் கீழும் விழ 15 வழி, 7 முதல் 9 வரை 15, 10உம் மேலும் 6. கூட்டல் 1 உள்ளவருக்கு முறையே 10, 16, 10. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘விலை கொடுத்து வெற்றி’ என்பதுதான் மேசையில் அதிகம் நடக்கப்போகிறது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு அமர்வில் நாலு முறை கட்டை உருட்டுகிறோம் என்றால் 24 முறை, அதில் பத்து முறையாவது விலை கேட்க வேண்டும். பத்து முறையும் புதிதாக ஒரு விலையை நானே கண்டுபிடித்தால் இரண்டாம் மணித்தியாலத்தில் எனக்கு வறண்டுவிடும், இது ஆட்டம் நடத்திய எல்லோருக்கும் தெரிந்த வலி. அதனால் விலையை அவர்களிடமே விட்டேன்: ஒரு கொட்டையைக் கட்டு, அல்லது இனி யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று பெயர் சொல்லு. பாதிப் பேர் கொட்டை கட்டுவார்கள், பாதிப் பேர் கடன் சொல்வார்கள் என்று வைத்தால் அமர்வுக்கு ஐந்து கொட்டை போகும். 60 என்றால் 12 அமர்வு தாங்கும், யாருக்கு உறைக்கும்? 12 என்றால் இரண்டரை அமர்வு, பயம்தான் மிஞ்சும். 24 வைத்தேன். நாலு அமர்வு கடந்து ஐந்தாவதில் தட்டுப்படும். ஆனையிறவோடு பேரம் பேசி எட்டுச் சேர்த்தார்கள், ஐந்து அமர்வில் 25 செலவழித்தார்கள், மிச்சம் ஏழு. கணக்கு இவ்வளவு அச்சொட்டாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நேற்று இரவு நித்திரையும் வரவில்லை.

எண்ணிக்கையைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. கொட்டை மேசை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு சிரட்டைக்குள் இருக்க வேண்டும். என் கொப்பிக்குள் எழுதி வைத்தபோது எண் வெறும் எண்ணாக இருந்தது. சிரட்டையிலிருந்து ஒருவர் கொட்டையை எடுத்து என் பக்கம் தள்ளும்போது அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் நிமிர்கிறார்கள். “ஏன் மச்சான், இதுக்குப் போய் ஒண்டைக் குடுக்கிறாய்?” என்று ஒரு குரல் வரும். அங்கேதான் கதை தொடங்குகிறது.

ஒரு கொட்டை ஒரு இரவு வெளிச்சம் என்று நான் வைத்திருந்ததை மாற்றியது அம்மா. நாலாவது அமர்வில் அம்மா பின்னால் இருந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தா. “ஒரு போத்தில் எண்ணெய் ஒரு இரவுக்கோ? ஆர் மோனை சொன்னது?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய் ஒரு ஜாம் போத்தலோடு வந்தா. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது, எப்படிக் கிடைத்தது என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் வீட்டில் கேட்ட கதை. ஆனால் அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கை நான் கையால் தொட்டது இதுதான் முதல் தடவை. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் நூல் போல ஒரு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், போத்தலே சிமினி, காற்றுக்கு அணையாது. நெல்மணி அளவு சுடர். லைற்றை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் ஆடினோம். கட்டையின் புள்ளி தெரியவில்லை, விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது, கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய குரலும் தானாகத் தணிந்துவிட்டது. இப்போது விதி இப்படி: ஒரு கொட்டைக்கு ஜாம் போத்தல் விளக்கு என்றால் நாலு இரவு, அரிக்கன் லாம்பு என்றால் ஒரு இரவு, வாட்டர் பம்ப் என்றால் அரை நாள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டலாம், ஆனால் எடுப்பதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும், அதைத் தேட வேண்டும். இதுவும் அம்மா சொன்னதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் இருந்துகொண்டு இந்தக் களத்தில் ஆடுவதற்கு முன் நாங்கள் நிறையப் பேசினோம். செல்லடி, இடம்பெயர்வு, காணாமல் போனவர்கள், இந்த மூன்றும் கதைக்குள் வராது என்று எழுதிக் கையெழுத்தே வைத்தோம். ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் உண்டாக்கிய ‘எக்ஸ் கார்ட்’ முறையையும் வைத்திருக்கிறோம். எங்களிடம் அது ஒரு சிவப்புச் சோடா மூடி. யாருக்குக் கஷ்டமோ அவர் அதைத் தொட்டால் அந்தக் காட்சி அந்த இடத்திலேயே மாறும், காரணம் கேட்கக் கூடாது. இரண்டாவது அமர்வில் ஒருவர், வீதியில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, பெட்டியில் பானை சட்டி கட்டியிருக்கிறது என்று விபரிக்கத் தொடங்கினார். கிளிநொச்சி அக்கா மூடியைத் தொட்டா. வீதியில் ஒன்றும் இல்லை, மாடு மட்டும் மேய்கிறது என்று மாற்றினேன். அக்கா ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தா. இந்த மூடி இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

கட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே புத்தகக் கடைகளில் கிடைக்கிற லூடோப் பெட்டிக் கட்டைகள் மூலை தேய்ந்தவை. ஒரு கிளாஸ் தண்ணீரில் உப்பைக் கரைய முடியாத அளவுக்குக் கரைத்து, கட்டையை மிதக்க விட்டுச் சுண்டிப் பாருங்கள். ஒன்று 20 முறையில் ஒன்பது முறை 5ஐக் காட்டியது, அதைத் தூக்கிப் போட்டேன். கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஆறு சோடி கொண்டு வந்தா, அவை சுத்தம். வரைபடம் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில். தடிப்பான தாள், அழித்து அழித்து வரையலாம், ஒரு சதமும் செலவில்லை.

வரைபடம் என்றதும் அடுத்த திட்டம். ஏவரி ஆல்டரின் ‘தி குவைட் இயர்’ என்று ஒரு வரைபட ஆட்டம் இருக்கிறது, 52 சீட்டு, ஒரு சீட்டு ஒரு கிழமை, நாலு சாதிச் சீட்டும் நாலு பருவம், எல்லோரும் சேர்ந்து ஒரே வரைபடத்தை வரைவது. களத்தை உருவாக்க அதில் ஒரு சாதியின் 13 சீட்டை மட்டும் எடுத்து முதல் அமர்வில் பாவித்தோம், நன்றாக வந்தது. இலையுதிர்காலமும் வசந்தமும் எங்களுக்கு எதற்கு? மாரி, பனி, கோடை, சோளகம் என்று நாலையும் மாற்றிச் சீட்டுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், மாரியும் சோளகமும் முடிந்துவிட்டன. மாரி வரும்போது கொட்டைக் கணக்கு தலைகீழாக வேண்டும், குறைகிற எண்ணெய் போல அல்லாமல் கூடுகிற தண்ணீர். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியில் வெள்ளம் நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதவைத் திறக்க ஆள் இல்லாத குளம் என்றால்? சிரட்டைக்குள் தண்ணீரையே ஊற்றலாமா என்று பார்க்கிறேன். துளி துளியாக ஊற்றி, வழிகிற நேரம் வான் பாய்கிறது என்று வைத்தால் கட்டையே தேவையில்லை. இரண்டு முறை ஊற்றிப் பார்த்தேன், சிரட்டை ஆடுகிறது, அடியில் களிமண் வைக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் இந்த ஏழு கொட்டை. இரண்டு பேர் மூன்று மூட்டை நெல்லோடு தண்டவாளம் வழியே ஆனையிறவுக்கு உப்புக்குப் போயிருக்கிறார்கள். மூன்று நாளில் வருவதாகச் சொன்னவர்கள், கதையில் இது ஐந்தாம் இரவு. இருட்டில் வந்தால் வழி தெரிவதற்குக் கட்டின் மேல் அரிக்கன் லாம்பு கொளுத்தி வைப்பதாக, அவர்கள் போகும்போது மற்றவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரவுக்கு ஒரு கொட்டை. அடுத்த நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க ஐந்து கொட்டை வேண்டும் என்று பம்ப் வைத்திருக்கும் பாத்திரத்தை ஆடுகிற தம்பி எண்ணிக் காட்டினான். முல்லைத்தீவுத் தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் ஒரு கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள், அவன் அதைத் திருப்பிச் சிரட்டைக்குள் போட்டான், அந்த இடத்தில்தான் ஐந்து மணி ஆனது. உப்புக்குப் போன பாத்திரங்களில் ஒன்றை ஆடுகிற வவுனியா அண்ணை நேற்று இரவு 11 மணிக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: “கட்டில் வெளிச்சம் தெரியுதோ?” ஐந்து பேரும் பார்த்துவிட்டார்கள், இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை.