லெனேசியாவில் குளிர்காலப் புகை

ஜூன் வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் சாயங்காலப் புகை தரையோடு படுத்துக்கொள்கிறது. கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் மூடிபோல் சூடான காற்று. அடுப்புப் புகை போக வழியே இல்லை. கொடியில் காயும் துணியெல்லாம் கரி வாடை. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இரவெல்லாம் இருமல்.

2004இலேயே காற்றுத் தரச் சட்டம் வந்தாயிற்று. பிஎம் 2.5 நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஆலைகளோடு நிற்காமல் வீட்டுக் கணப்புக்கும் கறாரான விதி வேண்டும், ஈர விறகு விற்பதைத் தடுக்க வேண்டும். ஆனால் கரண்டுக்குக் காசில்லாதவரிடம் அபராதம் கேட்பது அநியாயம். முதலில் அவருக்கு நல்ல அடுப்பு கொடுங்கள், கூரையில் குளிர் இறங்காமல் தடுப்பு போட்டுக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று: நிலக்கரியை அடியில் போட்டு, காகிதம், சுள்ளி, அதன்மேல் நாலைந்து கரித்துண்டு வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். புகை நன்றாகவே குறையும்.