பயம் முந்தி, காரணம் பிந்தி

மகள் 'ம்' என்று ஒற்றை எழுத்தில் மெசேஜ் அனுப்பினால், இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறாள் என்று வயிற்றைக் கலக்கும். அழைப்பு மணி அடித்தால் திக்கென்றிருக்கும். இதெல்லாம் நாற்பதுகளின் நடுவில் திடீரென்று ஆரம்பித்தது. அதற்கு முன்னால், வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் 'அவளைக் கூப்பிடு, அவள் பதறமாட்டாள்' என்று சொல்கிற ஆள் நான். மாதவிடாய் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். இதையும் அதையும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முடிந்தால்தான் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் வரும். ஆனால் ஆட்டம் முழுக்க அதற்கு முந்தைய சில வருஷங்களில், பெரிமெனோபாஸில். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மெல்ல மெல்ல இறங்கினால்கூடப் பரவாயில்லை. அது ஒரு வாரம் வழக்கத்தைவிட எகிறி அடுத்த வாரம் பொத்தென்று விழும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பெயருக்குத்தான் சுரக்கும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்குத் துணை நிற்கும் பொருள் ஒன்றை உடம்பு இந்தப் புரோஜெஸ்டிரோனிலிருந்துதான் தயாரிக்கிறது. ஆக, துணை இல்லாத மாதங்களில் சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், முன்பு அதிகம் பதறாதவர்களுக்கும் இந்தக் கட்டத்தில் பதற்றம் கூடுவது தெரிந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் 'நீ இப்படிப்பட்டவளே இல்லையே' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானே எனக்கு அந்நியமாகிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி மூன்று மணிக்குச் சட்டென்று விழிப்பு வரும். ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் நெஞ்சிலிருந்து கழுத்துக்குக் குப்பென்று சூடு ஏறும், பின்னங்கழுத்து முடி நனைந்து ஒட்டிக்கொள்ளும், காதுக்குள்ளேயே இதயம் அடிப்பது கேட்கும், கை தானாகப் போய் மணிக்கட்டில் நாடியைத் தேடும். இந்தச் சூடு சில நிமிஷம்தான். ஆனால் அந்த நிமிஷங்களில் மனசு சும்மா இருக்காது, இப்படி அடித்துக்கொள்கிறது என்றால் ஏதோ இருந்தாக வேண்டும் என்று தேட ஆரம்பிக்கும். தேடினால் கிடைக்காமலா போகும்? கடன், அம்மாவின் முட்டிவலி, வேலையிடத்தில் போன மாதம் யாரோ சொன்ன ஒரு சொல். உடம்பு அடங்கிய பிறகும் இவை அடங்காது. பயம் முதலில் வருகிறது, காரணத்தை நாம் பிறகு கொண்டுவந்து சேர்க்கிறோம். இந்த வரிசை பிடிபட்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

அதாவது, அந்த நேரத்தில் காரணங்களோடு வாதாடுவதில்லை. போர்வையைத் தள்ளிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்வேன். கடனோ முட்டிவலியோ விடாமல் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் தாளில் ஒரு வரி கிறுக்கிவிடுவேன் (தாளில்தான், போனில் இல்லை, போனை எடுத்தால் நெஞ்சுப் படபடப்புக்கு ஆயிரம் வியாதி காட்டும்). காலையில் பார்த்தால் பாதி சிரிப்பாக இருக்கும். மீதி நிஜப் பிரச்சினைதான், ஆனால் பகலில் அதற்கு ஒரு போன் செய்தால் போதும்.

கணவரிடமும் பேசிவிட்டேன். முன்பெல்லாம் "ஏங்க, நெஞ்சு அடிச்சுக்குது" என்றால் பாதித் தூக்கத்தில் "ஒண்ணும் ஆகாது, படு" என்பார், அந்த 'படு'வில் எனக்குக் கோபமும் சேர்ந்துகொள்ளும். இப்போது ஒன்றும் சொல்லாமல் ஃபேனைக் கூட்டி வைக்கிறார். போதும், அதற்குமேல் அவரால் செய்ய ஒன்றுமில்லை.

வண்டி ஓட்டுவது வேறு மாதிரி. பெரிய சாலையில் ஏறினாலே ஸ்டியரிங் பிடித்த கை ஈரமாகும், அதனால் ஓட்டாமல் விட்டேன். விட விடப் பயம்தான் வளர்ந்தது. போக்குவரத்து குறைவான நேரத்தில், கொஞ்ச தூரம் ஓட்டி, படபடப்பு வந்தாலும் திரும்பாமல் அது இறங்கும்வரை ஓட்டிப் பழகினேன். மன சிகிச்சையில் சிபிடி என்கிறார்களே, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, அதில் இதையெல்லாம் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். இந்தக் கட்டத்துப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அது உதவுகிறது. காபியை மதியத்தோடு நிறுத்தியதும் எனக்குப் பலன் தந்தது.

அதற்காக எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை. பெரிமெனோபாஸில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும், கூடவே ஒரு ஈசிஜி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் அப்படித்தான், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் பலரும் பின்வாங்குவது அதில் ஆபத்து அதிகம் என்று 2002இல் சொன்ன ஒரு பெரிய அமெரிக்க ஆய்வினால். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களில் பலருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. சூடும் வியர்வையும் குறைந்து தூக்கம் சரியானால் பதற்றமும் பெரும்பாலும் கூடவே இறங்கும். ஹார்மோன் வேண்டாம் என்றால், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில இந்தச் சூட்டையும் குறைக்கும்.

நான் முதலில் பார்த்த டாக்டர் "வயசானா இப்படித்தாம்மா" என்று முடித்துவிட்டார். அடுத்து பார்த்தவரிடம் மாதவிடாய்த் தேதி, தூக்கம், படபடப்பு மூன்றையும் குறித்த நோட்டைக் கொடுத்தேன், அதைப் பார்த்த பிறகு பேச்சே வேறு மாதிரி போனது. அவர் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: அந்த 12 மாதம் முடிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் வந்து காட்டச் சொன்னார்.